மறு: வித்ஸ்டாண்ட் – தாங்குவதா, எதிர்நிற்பதா?

நண்பர்களே,

நம் பாடப்புத்தகத்தின் மின்காப்பு இயல் இந்த வாரம் அச்சுக்குப் போயாக வேண்டும். 'வித்ஸ்டாண்ட் வோல்டேஜ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் முடிவாகவில்லை. 12 கிலோவோல்ட் வகைக் கருவிக்கு 28 கிலோவோல்ட் கொடுத்து, ஒரு நிமிடம் காப்பு முறியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்த 28-க்குத்தான் பெயர் வேண்டும். பெரும்பாலோர் 'தாங்கு மின்னழுத்தம்' என்று சொல்லிவிட்டீர்கள். என் மனம் இன்னும் 'எதிர்நில்' பக்கம்தான் இருக்கிறது.

முதலில், வித் என்றால் 'உடன்', ஸ்டாண்ட் என்றால் 'நில்' என்று பிரித்துச் சொன்ன 'உடன்நில்' என்ற முன்மொழிவைத் தள்ளிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் வித் என்றால் 'எதிராக'. 'உடன்' என்பதற்கு மிட் என்று வேறு சொல் இருந்தது. மிட்வைஃப் என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது: பிள்ளை பெறும் பெண்ணுடன் இருப்பவள். பிறகு மிட் வழக்கொழிந்து, அதன் வேலையையும் வித் எடுத்துக்கொண்டது. வித்துக்கு இனமான ஜெர்மன் சொல் வீடர் இன்றும் எதிர்ப்பையே குறிக்கிறது. இதில் நாம் வியக்க ஒன்றுமில்லை. 'நண்பனோடு போனான்', 'பகைவனோடு பொருதான்' இரண்டிலும் நம் 'ஓடு' அதேதானே?

குறளில் வரும் 'உடன்று' என்பதை 'உடன்' என்பதோடு இணைத்து ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். ஆசையைத் தூண்டும் வேர்தான். ஆனால் அந்த உடன்று, 'உடல்' என்ற வினையிலிருந்து வருவது; சினந்து என்று பொருள். ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. அந்தக் குறளில் நமக்கு வேண்டியது வேறு:

கூற்றுடன்று மேல்வரினும் கூடி எதிர்நிற்கும்
ஆற்ற லதுவே படை.

எமனே சீறி வந்தாலும் எதிர்நிற்கும் ஆற்றல். வித்ஸ்டாண்ட் என்பதற்கு எதிர்+நில் இப்படி உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

'தாங்கு' அணியினர் அதே படைமாட்சி அதிகாரத்திலிருந்து 'போர்தாங்கும் தன்மை அறிந்து' என்று 767-ஆம் குறளைக் காட்டினார்கள். வலுவான சான்று, மறுக்கவில்லை. என் கவலை இலக்கியம் பற்றியதல்ல, பாடப்புத்தகம் பற்றியது. கம்பத்தில் இருக்கும் மின்காப்பி (இன்சுலேட்டர்) கம்பியின் எடையையும் தாங்குகிறது, மின்னழுத்தத்துக்கும் ஈடுகொடுக்கிறது. ஒரே அட்டவணையில் இரண்டும் வரும். இயந்திரத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கையும் 'தாங்கி' என்றுதான் எழுதுகிறோம். மாணவர் ஒரு சொல்லை எத்தனை இடத்தில் எத்தனை பொருளில் படிப்பார்?

சரி, எதிர்நில்லுக்கும் சிக்கல் உண்டு. புணர்ச்சி விதிப்படி 'எதிர்நின்மின்னழுத்தம்' என்றுதான் எழுத வேண்டும் என்று தூய்மை நண்பர் அடித்துச் சொல்கிறார். விதி சரி. ஆனால் அதைப் படிக்கிற பிள்ளை எந்த இடத்தில் பிரித்துப் படிக்கும்? 'எதிர்நில் மின்னழுத்தம்' என்று இடம்விட்டு எழுதினால் தமிழ் ஒன்றும் குறைந்துபோகாது.

உண்மையில் என்னை யோசிக்க வைத்தது ஆசிரியரம்மா கேட்ட கேள்விதான். தாங்கு செயப்படுபொருள் குன்றா வினை. அதனால் 'தாங்கும் எடை' போல 'தாங்கும் மின்னழுத்தம்' என்றதும், காப்பு எதைத் தாங்குகிறதோ அது என்று புரிந்துவிடும். 'எதிர்நிற்கும் மின்னழுத்தம்' என்றால் மின்னழுத்தமே எழுந்து எதிர்நிற்பது போலத் தோன்றும். இதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. 'எதிர்நிலை' என்று பெயராக்கலாம் என்றால், அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

ஆகவே அட்டவணையிலும் தலைப்பிலும் பெரும்பான்மைப்படி 'தாங்கு மின்னழுத்தம்'. உரைநடையில் வினையாக வரும் இடங்களில், 'காப்பு இடி மின்னலுக்கு எதிர்நிற்கிறது' என்றே எழுதப்போகிறேன். ஒரே கருத்துக்கு இரண்டு சொல்லா என்று கேட்பீர்கள். கேளுங்கள், அச்சுக்குப் போகும் முன் கேளுங்கள். அப்புறம், 'தாக்குப்பிடி' என்று எழுதியவருக்கு ஒருவரும் பதிலே சொல்லவில்லை. வகுப்பில் வாயால் சொல்ல அதைவிடத் தெளிவான சொல் இல்லை. அதை ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டோம்?