புதுப் பிசி ஒன் ஆகுதில்ல, ஃபேன் அரைச் சுத்தோட நிக்குது

வெள்ளவத்தைப் பொடியன்:
அண்ணாமார் ஒரு உதவி, நேற்று பம்பலப்பிட்டியில சாமான் எல்லாம் வாங்கி வந்து இரவு ரெண்டு மணி மட்டும் இருந்து பூட்டினனான், பவர் பட்டனை அமத்தினா ஃபேன் அரைச் சுத்து சுத்திட்டு நிண்டுடுது, திரையில ஒண்டும் இல்ல, மதர்போர்ட்ல ஒரு சின்ன லைட் மட்டும் எரியுது. 550 வாட் பவர் சப்ளை. செத்துட்டுதோ? கடைக்காரரும் ஃபோன் எடுக்கிறாரில்ல.

கம்பிக்காரன்:
லைட் எரியுதெண்டா 5 வோல்ட் ஸ்டான்ட்பை, அதாவது பிசி ஓஃப்ல இருக்கேக்கயும் வாற சின்னக் கரண்ட், வருது, அவ்வளவுதான், மிச்சமெல்லாம் சரியெண்டு அர்த்தமில்ல. சிபியுக்குப் பக்கத்தில 8 பின் வயர் குத்தினீங்களா? 24 பின்னை மட்டும் குத்திட்டு அதை மறந்து அரை நாள் முழிச்சவன் நான்.

வெள்ளவத்தைப் பொடியன்:
ரெண்டும் குத்தியிருக்கு அண்ணா.

தெஹிவளை டெக்:
அப்ப அனேகமா ஷோர்ட் தம்பி, சப்ளை தன்னைக் காப்பாத்தக் கட் பண்ணுது. பிளக்கைக் கழட்டிட்டு போர்டை வெளியில எடுத்து அது வந்த மட்டைப்பெட்டிக்கு மேல வச்சு சிபியு, கூலர், ஒரேயொரு ரேம் மட்டும் போட்டுப் பாருங்கோ, எடுக்கேக்க போர்ட்ல ஓட்டை இல்லாத இடத்துக்குக் கீழ பித்தளை ஸ்டான்டோஃப் (போர்டைத் தாங்கிற குட்டிக் கால்) ஏதும் நிக்குதோ எண்டும் பாருங்கோ, அது போர்ட்டின்ர அடியைத் தொட்டா ஷோர்ட் ஆகும். சப்ளைப் பெட்டியை மட்டும் திறந்திடாதீங்கோ, பிளக் கழட்டினாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அடிச்சா விளையாட்டில்ல.

வெள்ளவத்தைப் பொடியன்:
ஸ்டான்டோஃப்தான் அண்ணா!! ஒண்டு கூடுதலா நிண்டது, கழட்டினன், திரையில பயோஸ் (பிசியின்ர தொடக்க செட்டிங்) வந்துட்டுது. பாவம் கடைக்காரர், இரவு முழுக்க அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தன்.