42 சதவீதமும் ஒரு போட்டோவும்

வேப்பம்பூ:
போன வாரம் நம் இணைய மன்றத்தில் ஓடிய இழையைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியரின் முனைவர் பட்ட ஆய்வேட்டை, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் சாஃப்ட்வேரில் யாரோ போட்டிருக்கிறார்கள். '42 சதவீதம்' என்று வந்த அறிக்கையின் முதல் பக்கத்தை அவருடைய போட்டோவோடு சேர்த்து நம் கடைசி பெஞ்ச் இங்கே ஏற்றினார். இரண்டு மணி நேரத்தில் மட்டுறுத்துநர் தூக்கிவிட்டார். அதற்குள் அது நான்கு வாட்ஸாப் குழுக்களில் எனக்கே வந்துவிட்டது. தூக்கியது சரியா என்று அன்றிலிருந்து சண்டை.

தூக்கியது சரி என்பது என் கட்சி. காரணம் 2024 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் நடந்தது. அலெக்ஸாண்ட்ரா ஃபெடர்ல்-ஷ்மிட் வியன்னாவின் 'டெர் ஸ்டாண்டார்ட்' நாளிதழின் தலைமை ஆசிரியராகப் பத்து வருடம் இருந்தவர். பிறகு ஜெர்மனியில், மியூனிக்கின் 'சூட்டாய்ச்ச சைட்டுங்' நாளிதழில் துணைத் தலைமை ஆசிரியர். பிறர் எழுதிய வரிகளைத் தன் செய்திக் கட்டுரைகளில் பெயர் சொல்லாமல் சேர்த்தார் என்று 2023 டிசம்பரில் ஒரு புகார் வந்தது. அதோடு நிற்கவில்லை. 1996இல் சால்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஆய்வேட்டைப் பரிசோதிக்கும்படி அவரே பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டு, அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கினார். பிப்ரவரி 8 அன்று அவரைக் காணவில்லை. 'இன்' என்ற ஆற்றின் கரையில் போலீஸ் தேடியது. மறுநாள் ஒரு பாலத்துக்கு அடியில், உடல் விறைத்துப்போன நிலையில், உயிரோடு மீட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம் பல்கலைக்கழகம் முடிவைச் சொன்னது: பட்டத்தைப் பறிக்கும் அளவுக்குத் தவறு எதுவும் இல்லை. முடிவு வரும் முன்பே தண்டனை முடிந்துவிட்டதே!

கடைசி பெஞ்ச்:
போட்டது நான்தான், ஒளியவில்லை. ஆனால் ஜெர்மன்காரர்களைத் துணைக்கு அழைத்தால் முழுக்கதையையும் சொல்லுங்கள். 2011இல் கார்ல்-தியோடோர் சு குட்டன்பெர்க் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர். அடுத்த சான்சலர், அதாவது நாட்டின் ஆட்சித் தலைவர், இவர்தான் என்று பேசிக்கொண்டிருந்த காலம். பைராய்ட் பல்கலைக்கழகம் அவருக்கு மிக உயர்ந்த தகுதியுடன் சட்டத்தில் டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. நெறியாளர் படித்தார், தேர்வாளர் படித்தார், வாய்மொழித் தேர்வு நடந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிரேமன் நகரச் சட்டப் பேராசிரியர் ஒருவர் நூல் மதிப்புரை எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டியது. அமைச்சர் உடனே 'அபத்தமான குற்றச்சாட்டு' என்றார். முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் இணையத்தில் கூடிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்கள். 393 பக்கத்தில் 371 பக்கத்தில் அடுத்தவர் எழுத்து. இரண்டு வாரத்தில் பதவி போனது.

நம்ம மட்டுறுத்துநர் அங்கே இருந்திருந்தால் அந்தப் பக்கத்தையும் இரண்டு மணி நேரத்தில் தூக்கியிருப்பார். குட்டன்பெர்க் சான்சலராகியிருப்பார்.

முட்டைபஜ்ஜி:
நான் எம்.ஃபில் ஆய்வேட்டில் நன்றியுரையையே சீனியரிடமிருந்து காப்பி அடித்தவன். அவருடைய மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பழைய பேப்பர்:
குட்டன்பெர்க் செய்தியை முதலில் அச்சில் போட்டது எந்த நாளிதழ் தெரியுமா? இதே சூட்டாய்ச்ச சைட்டுங்தான். 2011 பிப்ரவரி 16. பதிமூன்று வருடம் கழித்து அதே பத்திரிகையின் துணைத் தலைமை ஆசிரியர் பக்கம் விளக்கு திரும்பியபோது, நிர்வாகம் என்ன செய்தது? ஆசிரியர் கூட்டத்தில் பேசிய விஷயத்தை வெளியே சொன்னது யார் என்று தன் ஆசிரியர் குழுவின் மின்னஞ்சல் தொடர்புகளையே துழாவியது. முப்பது வருடம் செய்தி அறையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அதில்தான் அதிக வெட்கம். ஊரார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பவர்கள் நம் கதவை யாராவது தட்டினால் மட்டும் தாழ்ப்பாள் போடுகிறோம்.

ஆனால் கடைசி பெஞ்ச் தம்பி, நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. அந்த இணையக் கூட்டம் சதவீதம் போட்டு நிறுத்தவில்லை. இடது பக்கம் குட்டன்பெர்க் வரி, வலது பக்கம் மூல நூலின் வரி, பக்க எண்ணோடு. யார் வேண்டுமானாலும் நூலகத்தில் எடுத்துச் சரிபார்க்கலாம். ஆய்வேட்டின் தொடக்கமே 1997இல் ஒரு நாளிதழில் வந்த வேறொருவரின் கட்டுரை என்று அப்படித்தான் தெரிந்தது. அதன் பிறகு தொடங்கிய 'வ்ரோனிப்ளாக்' குழு தனக்கே ஒரு வேலி போட்டுக்கொண்டது: குறைந்தது பத்தில் ஒரு பங்கு பக்கங்களில் திருட்டு உறுதியாகும்வரை ஆசிரியரின் பெயரை வெளியிட மாட்டோம் என்று. நீங்கள் போட்டது என்ன? ஒரு எண், ஒரு போட்டோ. அதுவும் அவர் ஏதோ கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோ.

கடைசி பெஞ்ச்:
போட்டோ தப்பு. ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் 'பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும், நீ சும்மா இரு' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அனெட் ஷாவானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் கல்வி அமைச்சர். குட்டன்பெர்க் மாட்டியபோது 'எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்று பேட்டி கொடுத்தவர். மறு வருடமே அவருடைய 1980 ஆய்வேட்டை முகமூடி போட்ட ஒருவர் இணையத்தில் பிரித்துக் காட்டினார். தலைப்பு என்ன தெரியுமா? 'ஆளும் மனசாட்சியும்'. நான் இட்டுக்கட்டவில்லை. 2013 பிப்ரவரியில் ட்யூசல்டார்ஃப் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது, நான்கு நாளில் ராஜினாமா. 32 வருடம் அந்த ஆய்வேடு அலமாரியில் பத்திரமாக இருந்தது. வெளியிலிருந்து ஒருவர் கை வைக்காமல் இருந்திருந்தால் இன்றும் இருக்கும்.

அப்புறம் இதற்காக அவர் கொடுத்த விலை என்ன? அடுத்த வருடமே வாடிகனுக்குத் தூதர். குட்டன்பெர்க் இங்கிலாந்தில் இன்னொரு டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். இன்னொரு ஜெர்மன் அமைச்சர் ஃப்ரான்சிஸ்கா கிஃபை 2021 மே மாதம் பதவியை விட்டார், ஜூனில் பட்டம் போனது, டிசம்பரில் பெர்லின் மேயர். பெரிய இடத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுகிறார்கள். நாம்தான் அவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறோம்.

வேப்பம்பூ:
பெரிய இடத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுகிறார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நீங்கள் போட்டோ போட்ட ஆள் அமைச்சரா? தகுதிகாண் பருவத்தில் இருக்கும் உதவிப் பேராசிரியர். அவரை எந்த நாட்டுக்குத் தூதராக அனுப்புவார்கள்?

தோண்டுகிறவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். ஃபெடர்ல்-ஷ்மிட் ஆய்வேட்டைத் தோண்டியவர் ஷ்டெஃபான் வேபர், ஆய்வேடுகளில் திருட்டைத் தேடித் தருபவர். காசு கொடுத்துச் செய்யச் சொன்னது 'நியூஸ்' என்று உச்சரிக்கப்படும் ஒரு வலதுசாரி இணையதளம். அதை நடத்துபவர் 'பில்ட்' நாளிதழின் முன்னாள் தலைமை ஆசிரியர். இதே வேபர் 2022இல் மியூனிக்கின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஒருவர் மீது, அவருடைய ஆய்வேடு ஒரு பழைய மாநாட்டு நூலிலிருந்து திருடியது என்று குற்றம் சாட்டினார். கடைசியில் அந்த 'பழைய' நூலே போலி! பேராசிரியர் மேல் கறுவிக்கொண்டிருந்த ஒரு ஆள் ஆய்வேட்டிலிருந்து எடுத்துப் பழைய தேதி போட்டு அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். வேபர் மன்னிப்புக் கேட்டார். அதையே தொழிலாக வைத்திருப்பவரையே ஏமாற்ற முடிகிறது. உங்கள் 42 சதவீத அறிக்கை யாரிடமிருந்து வந்தது, கடைசி பெஞ்ச்?

கடைசி பெஞ்ச்:
அதைச் சொல்ல முடியாது.

வேப்பம்பூ:
அதைத்தான் கேட்கிறேன்.

தமிழ்த்துறை வாசல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆறு பேருக்கு நெறியாளராக இருந்தவள். சதவீதத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த எண் திருட்டின் அளவு இல்லை, ஒத்துப்போகும் சொற்களின் அளவு. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் விலக்காமல் ஓட்டினால் நேர்மையான ஆய்வேடும் 30ஐத் தொடும். ஆய்வேட்டிலிருந்து மாணவரே முன்பு இரண்டு கட்டுரை வெளியிட்டிருந்தால் அவரே அவரிடம் திருடியதாகக் காட்டும். யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் மேற்கோள்களும் நூற்பட்டியலும் விலக்கப்பட்டிருக்கின்றன. விலக்கியது போக 10 சதவீதம்வரை தண்டனை இல்லை, 40வரை திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள், 60வரை ஒரு வருடம் சமர்ப்பிக்கத் தடை, அதற்கு மேல் பதிவே ரத்து. எங்கள் ஆட்கள் இந்த விதியை என்ன செய்தார்கள்? 9.8 வரும்வரை சொல்லை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். 'ஆய்வு' என்பதை 'நோக்கு' ஆக்கினால் இரண்டு புள்ளி குறையும்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பழைய தமிழ் ஆய்வேடுகள் பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்தவை. சாஃப்ட்வேருக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். அதிலிருந்து ஒரு இயலை அப்படியே எடுத்து யூனிகோடில் அடித்தால் பூஜ்யம் சதவீதம். ஆங்கில நூலைத் தமிழாக்கிப் போட்டாலும் பூஜ்யம்தான். பழைய நூல்களைப் படித்த ஒரு ஆள் உட்கார்ந்து வாசித்தால் ஒழியப் பிடிபடாது. 42ஐ வைத்து ஒருவரைத் திருடர் என்கிறீர்களே, பூஜ்யம் வாங்கிய எத்தனை பேருக்கு நானே சால்வை போட்டிருக்கிறேனோ!

சாம்பல்பூனை:
மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எல்லோரும் குற்றம் சாட்டப்பட்டவரின் மனதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இன்னொருவர் பெயரில் புத்தகமாக வந்திருக்கிறது. நாட்டார் தெய்வங்கள் பற்றிய களப்பணி. பதினாறு மாதம், பேருந்திலும் நடந்தும், ஒரு தடவை மஞ்சள் காமாலையோடும் சேகரித்தது. எனக்குக் கதை சொன்ன பாட்டியின் வழக்குச் சொல்லை நான் தப்பாகக் கேட்டு எழுதியிருந்தேன். அந்தத் தப்பும் அப்படியே அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

புகார் கொடுத்தேன். 'இரண்டு பேரும் ஒரே ஊருக்குப் போனால் ஒரே கதைதானே கிடைக்கும்' என்றார்கள். எழுதியவர் இப்போது நேர்முகத் தேர்வுகளில் நிபுணராக உட்காருகிறார். ஒரு தடவை எனக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். நான் வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதேன், அதை யாரும் செய்தியாகப் போடவில்லை.

வேப்பம்பூ, உங்கள் வேபர் எப்படி இந்த வேலைக்கு வந்தார் தெரியுமா? அவருடைய சொந்த ஆய்வேட்டிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து ஒருவர் ட்யூபிங்கனில் இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். வேபர் கண்டுபிடித்துச் சொன்னார், பட்டம் பறிபோனது. பிறகு அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்லவில்லை. அந்த முதல் நாள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

வேப்பம்பூ:
அக்கா, நான் யோசிக்காத பக்கம் இது. உங்களுக்கு நடந்தது அநியாயம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தப்பான சொல் உங்கள் கையில் இருக்கிறது. அதை இங்கே பெயரோடு போடலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லையா?

சாம்பல்பூனை:
தினமும் தோன்றும். இரண்டு பத்திகளையும் அருகருகே தட்டச்சு செய்தே வைத்திருக்கிறேன். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். நல்ல பெண். அதனால் போடவில்லை. அது பெருந்தன்மையா கோழைத்தனமா என்று எனக்கே தெரியவில்லை, நீங்கள் யாரும் சொல்லவும் வேண்டாம்.

பழைய பேப்பர்:
அம்மா, அந்த இரண்டு பத்திகளும் பெயர் இல்லாமல் ஒரு ஆய்விதழுக்குப் போகலாம். சொல் ஆராய்ச்சிக் குறிப்பாகவே எழுதலாம்: 'இந்த வழக்குச் சொல் தவறாகப் பதிவானது என் பிழை, அந்தப் பிழை பின்னர் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்' என்று. புரிகிறவர்களுக்குப் புரியும்.

முட்டைபஜ்ஜி:
இது நல்ல ஐடியா.

கடைசி பெஞ்ச்:
சாம்பல்பூனை அக்கா சொன்னதைப் படித்துவிட்டு அந்த அறிக்கையை நேற்று ராத்திரி முழுக்கத் திறந்து பார்த்தேன். ஆமாம், முதல் தடவையாகத்தான். முதல் பக்கத்தைத் தாண்டி நான் போகவே இல்லை.

42இல் 19 அவருடைய சொந்தக் கட்டுரைகள். தமிழ்த்துறை வாசல் மேடம் சொன்ன மாதிரியே. அதற்கு நான் பொறுப்பு. வாட்ஸாப்பில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது, அதற்கும் நான்தான் பொறுப்பு.

ஆனால் மிச்சம் 23 இருக்கிறது. அதில் இரண்டாம் இயலில் தொடர்ச்சியாக 14 பக்கம் ஒரே ஒரு ஆய்வேட்டிலிருந்து. மேற்கோள் குறி இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. மூல ஆய்வேட்டைப் பதிவிறக்கி நானே வரி வரியாக வைத்துப் பார்த்தேன். வேப்பம்பூ, நீங்கள் வந்து பாருங்கள் என்று சொன்னால் பார்ப்பீர்களா?

வேப்பம்பூ:
அனுப்புங்கள், தனிச்செய்தியில். பெயர் இருக்கும் பக்கத்தை எடுத்துவிட்டு.

கடைசி பெஞ்ச்:
அனுப்பிவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கும் இரண்டு பத்தி வரிசையில் அடித்து, என் உண்மைப் பெயரில் அனுப்பியிருக்கிறேன். துறைக் குழு 45 நாளில் அறிக்கை தர வேண்டும் என்கிறது அந்த 2018 விதி.

வேப்பம்பூ:
பார்த்தேன். 14இல் 11 பக்கம் நீங்கள் சொன்னது சரி. மூன்று பக்கம் இரண்டு பேருமே ஒரே அரசாணையை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அது கணக்கில் வராது. உங்கள் கடிதத்தில் அதைத் திருத்தி இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்றே.

கடைசி பெஞ்ச்:
அனுப்பியாயிற்று.

முட்டைபஜ்ஜி:
அந்த உதவிப் பேராசிரியர் எப்படி இருக்கிறாராம், யாருக்காவது தெரியுமா?

தமிழ்த்துறை வாசல்:
விடுப்பில் இருக்கிறார் என்று கேள்வி.