மறு: எண்ணெய் டப்பாவில் இருக்கும் ‘டபிள்யூ’வுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களே, வணக்கம். இன்ஜின் எண்ணெய் டப்பாவில் 10டபிள்யூ-30 என்று போட்டிருக்குமே, அந்த டபிள்யூவுக்கு நம் அகராதியில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘குளிர்கால எண்ணெய்’ என்றே வைத்துவிடலாமே. டபிள்யூ என்றால் விண்டர்தானே?

விண்டர்தான், மறுக்கவில்லை. பலர் நினைப்பதுபோல ‘வெயிட்’ இல்லை. ஆனால் சென்னை ஜி.பி. ரோட்டில் ஏதாவது ஒரு உதிரிபாகக் கடை அலமாரியைப் பாருங்கள்: 10டபிள்யூ-30, 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50. சித்திரை வெயிலில் விற்பவையும் இவைதான். ‘குளிர்கால எண்ணெய்’ என்று அகராதியில் ஏற்றினால், சென்னைக்காரர் ‘இது நமக்கில்லை’ என்று ஒதுக்கிவிடுவார். கனடாவில் இருக்கும் நம் ஆட்களோ, பனிக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று மாற்ற வேண்டுமோ எனக் குழம்புவார்கள். ஒரே எண் மட்டும் கொண்ட ஒற்றைத்தர எண்ணெய்க் காலத்தில் அப்படித்தான் மாற்றினார்கள். 10டபிள்யூ-30 போல இரண்டு எண் கொண்ட பல்தர எண்ணெய் வந்ததே அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான்.

பெயர் வைக்குமுன் டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் ஜே300 தரநிலை அதற்கு இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறது. முதலாவது கிராங்க் சோதனை. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றிவிடும் அளவுக்கு எண்ணெய் இளகலாக இருக்கிறதா என்று பார்ப்பது. 5டபிள்யூவுக்கு இதை மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் செய்கிறார்கள். பாகுநிலை (எண்ணெயின் கெட்டித்தன்மை, விஸ்காசிட்டி) 6,600 மில்லிபாஸ்கல்-நொடியைத் தாண்டக் கூடாது. 10-க்கு மைனஸ் 25, 15-க்கு மைனஸ் 20, 20-க்கு மைனஸ் 15. எண்ணிலிருந்து 35-ஐக் கழித்தால் வெப்பநிலை வந்துவிடும், மனப்பாடம் தேவையில்லை.

அடுத்தது பம்ப் சோதனை. இது இன்னும் 5 டிகிரி கீழே, வரம்பு 60,000 மில்லிபாஸ்கல்-நொடி. ஏன் கீழே? இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, எண்ணெய் மட்டும் மேலே ஏறவில்லை என்றால், ஸ்டார்ட் ஆகாமலே இருந்திருக்கலாம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்து நிற்குமே, அதுபோல கனிம எண்ணெயில் உள்ள மெழுகு படிகமாகி வலை கட்டிக்கொள்ளும். பம்ப் தன் வாயருகே இருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிட்டு, அப்புறம் வெறும் காற்றை இழுக்கும். பேரிங் வறண்டு தேயும். 1980–81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் பகுதியில் இப்படி இன்ஜின்கள் போன பிறகுதான், எண்ணெயை மெதுவாகக் குளிரவைத்துச் சோதிப்பதில் அக்கறை வந்தது.

ஆக, ஆறிக்கிடக்கும் இன்ஜின் சேதமில்லாமல் கிளம்புமா என்பதைத்தான் இரண்டு சோதனையும் கேட்கின்றன. அதனால் என் பரிந்துரை: கிளம்புதரம். ஓடுதளம், குடிநீர் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘வண்டி கிளம்பல’ என்பது மெக்கானிக் வாயில் ஏற்கெனவே இருப்பதுதான்.

> ‘குளிர்த்தரம்’ சுருக்கமாக இருக்குமே?

சுருக்கம்தான். ஆனால் எண் கூடினால் குளிர் தாங்கும் சக்தியும் கூடும் என்று நினைக்கவைக்கும், உண்மை நேர்மாறு. தவிர, காலையில் 25 டிகிரியில் நிற்கும் இன்ஜினைச் சென்னையில் யாரும் ‘குளிர்ந்திருக்கிறது’ என்பதில்லை, ‘ஆறியிருக்கிறது’ என்போம். (‘ஆறுதரம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ஆறு தடவையா என்று கேட்பார்கள், வேண்டாம்.)

கோடு தாண்டி வரும் எண் 100 டிகிரியில் உள்ள பாகுநிலையைச் சார்ந்தது: 30 என்றால் நொடிக்கு 9.3 முதல் 12.5 சதுர மில்லிமீட்டருக்குள். ‘ஓடுதரம்’ என்றால் அச்சில் ஓடுதளத்தோடு குழம்பும். ‘சூட்டுத்தரம்’ போதும்.

இரண்டு சொல்லையும் ஓட்டிப் பார்க்கலாம். பைக்கை ரயிலில் ஏற்றிவிட்டு லடாக் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் ஜூலையில் போனால் கவலையில்லை. ஜனவரியில் லேயில் இரவு மைனஸ் 15-க்கும் கீழே போகும். 20டபிள்யூ-50 அங்கே தடுமாறும். கையேடு இடம் கொடுத்தால் கிளம்புதரம் 10 அல்லது 5 போடலாம். சூட்டுத்தரத்தை இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது. கிளட்ச் எண்ணெயில் நனையும் வண்டியென்றால் டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஜப்பானிய பைக் எண்ணெய்த் தரம்) குறி வேண்டும். கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

தலைச்சொல்லை ‘உயவு எண்ணெய்’ என்றே வைப்போம். ‘மசகு எண்ணெய்’ எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இலங்கைச் செய்தித்தாள்களில் அது கச்சா எண்ணெய். அப்புறம், குறியீட்டையும் மாற்றி ‘5கி-30’ என்று எழுதும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் ஒரு டப்பா கிடைக்காது.