சீலா வாங்கப் போன அத்தான்

குழு: தாத்தா வீட்டு ஆட்கள்
ஞாயிறு

4:06 அத்தான்: காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டேன். வண்டியை நிறுத்தவே கால் மணி நேரம் ஆயிற்று. முகூர்த்த நாள் மண்டபம் மாதிரிக் கூட்டம்.

4:07 அத்தான்: [படம்]

4:09 குளச்சல் மாமா: மீன்பிடித் தடை முடிந்து முதல் ஞாயிறு, வேறு எப்படி இருக்கும் மாப்பிள்ளை? 61 நாள் பெரிய மீன் பார்க்காத ஊர்.

4:10 அக்கா: மாமா, நீங்கள் இன்னும் தூங்கவில்லையா?

4:13 குளச்சல் மாமா: தூங்கி எழுந்தாயிற்று. படகு சும்மா கிடந்தாலும் மூன்று மணிக்குக் கண் திறந்துவிடுகிறது. உங்களுக்கு ஏப்ரல் 15இல் ஆரம்பித்து ஜூன் 14இல் தடை முடிந்தது. எங்களுக்கு மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31. ஒரே கன்னியாகுமரி மாவட்டம்தான், ஆனால் கிழக்குப் பக்கத்துச் சின்னமுட்டத்துக்காரன் கடலில் இருக்கிறான், நான் திண்ணையில் கிழிந்த வலை பொத்துகிறேன்.

4:20 அத்தான்: ஏலம் பார்க்கிறேன். ஒன்றும் விளங்கவில்லை. ஒருவர் தொகையைக் கத்திக்கொண்டே போகிறார், சுற்றி எல்லோரும் சும்மா நிற்கிறார்கள், திடீரென்று கூடை யாரோ ஒருவருடையது ஆகிவிடுகிறது.

4:21 குளச்சல் மாமா: கண்ணைக் காட்டினால் போதும், அதுதான் ஏலம் கேட்பது. நீங்கள் அங்கே நின்று தலையைச் சொறியாதீர்கள். நாலு கூடை காரப்பொடி மீன் உங்கள் பேரில் விழுந்துவிடும்.

4:22 அக்கா: ஏலம் வியாபாரிகளுக்கு. நீங்கள் பெண்கள் உட்கார்ந்து விற்கிற பக்கம் போங்கள். சீலா 3 கிலோ, கணவாய் 1 கிலோ. அம்மா வந்ததிலிருந்து சீலா, சீலா என்கிறாள்.

4:31 அத்தான்: கணவாய் கேட்டால் கடம்பாவா என்கிறார்கள்.

4:32 பெரியம்மா (தூத்துக்குடி): இரண்டும் வேறு. உள்ளே வெள்ளை ஓடு இருந்தால் கணவாய். நீளமாக, கண்ணாடித் தாள் மாதிரி ஒன்று உருவி வந்தால் கடம்பா. வறுவலுக்கு எது என்றாலும் சரி.

4:51 அத்தான்: சீலா வாங்கியாயிற்று! கிலோ 400. ஆயிரத்துக்குக் குறையாது என்று பயமுறுத்தினாயே? பேரம் பேசத் தெரியவேண்டும்.

4:51 அத்தான்: [படம்]

4:53 பெரியம்மா (தூத்துக்குடி): மாப்பிள்ளை, அதன் வாயைக் கொஞ்சம் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள்.

4:54 அத்தான்: [படம்]

4:55 பெரியம்மா (தூத்துக்குடி): கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பல் நாய்ப்பல். இது ஊளி.

4:56 அத்தான்: இல்லை பெரியம்மா, சீலா என்று கேட்டுத்தான் வாங்கினேன். அந்த அம்மா "ஷீலாதானே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் தராசில் வைத்தார்.

4:57 குளச்சல் மாமா: அந்த அம்மா மேல் தப்பே இல்லை. சென்னையில் ஷீலா என்றால் ஊளிதான். தூத்துக்குடிச் சீலாவுக்கு அங்கே வஞ்சரம் என்று பெயர். எங்கள் ஊரில் அதையே நெய்மீன் என்போம்.

4:57 நான்: அத்தான் கேட்டது கிடைத்துவிட்டது. அக்கா கேட்டதுதான் கிடைக்கவில்லை.

4:58 அத்தான்: வஞ்சரம் என்று எழுதியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்! நான் பிறந்தது பெரம்பூர்.

4:58 அக்கா: பெரம்பூர்க்காரருக்கு வஞ்சரத்தின் முகம் தெரியாதா?

4:59 அத்தான்: எங்கள் வீட்டுக்கு அது துண்டாகத்தான் வரும். முகத்தோடு வந்ததே இல்லை.

5:00 அம்மா: ஊளியும் நல்ல மீன்தான் தம்பி. குழம்பு வைக்கலாம். ஆனால் பொரிக்கச் சீலா வேண்டும்.

5:02 பெரியம்மா (தூத்துக்குடி): இந்தத் தடவை பேரைக் கேட்காதீர்கள், மீனைப் பாருங்கள். ஊளிக்குச் செதில் கண்ணுக்குத் தெரியும், முதுகுத் துடுப்பு இரண்டும் எட்ட எட்ட இருக்கும். சீலா வழுவழு என்று இருக்கும். வால் பக்கம் மேலேயும் கீழேயும் ரம்பப் பல் மாதிரி வரிசையாகக் குட்டித் துடுப்பு. அதைத் தடவிப் பார்த்தபிறகு பணத்தை எடுங்கள்.

5:03 பெரியம்மா (தூத்துக்குடி): செவுளையும் தூக்கிப் பாருங்கள். உங்கள் ஊரில் படகு ஒரு வாரம், பத்து நாள் கடலில் தங்கிவிட்டு வரும். ஐஸில் அடியில் கிடப்பது முதல் நாள் மீன், மேலே இருப்பது கடைசி நாள் மீன். இங்கே விசைப்படகு விடியலில் போய் அன்று இரவே திரும்பிவிடும், ராத்திரியே ஏலம். நாங்கள் ஐஸ் மீனைத் தொடுவதில்லை.

5:04 குளச்சல் மாமா: ஆரம்பித்தாயிற்றா அக்கா? ஒழுங்காக ஐஸ் போட்ட ஐந்து நாள் மீன், வெயிலில் நாலு மணி நேரம் கிடந்த இன்றைய மீனைவிட எவ்வளவோ மேல். எத்தனை நாள் என்பது பெரிதில்லை, எப்படி வைத்தார்கள் என்பதுதான்.

5:04 பெரியம்மா (தூத்துக்குடி): வலை பொத்துகிற ஆள் பேசக்கூடாது.

5:19 அத்தான்: [படம்] செவுள்.

5:19 அத்தான்: [படம்] வால்.

5:20 பெரியம்மா (தூத்துக்குடி): செவுள் நல்ல ரத்தச் சிவப்பு. வயிற்றில் விரலால் அழுத்துங்கள்.

5:21 அத்தான்: அழுத்தினேன். குழி உடனே மேலே வந்துவிட்டது. விற்கிற அம்மா முறைக்கிறார். "வீடியோ எடுத்து யூடியூப்பில் போடவா?" என்று கேட்கிறார்.

5:21 பெரியம்மா (தூத்துக்குடி): வாங்குங்கள்.

5:26 அத்தான்: கிலோ 1,100. ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மூன்று கிலோவுக்கு ஒரே மீன்.

5:27 அக்கா: பேரம் பேசத் தெரியவேண்டும்.

5:28 அத்தான்: வெட்டுகிற இடத்தில் வரிசையில் நிற்கிறேன். பேன்ட் முழங்கால் வரை மீன் தண்ணீர். அலுவலகத்துக்குப் போட்டுப்போகிற செருப்பு வேறு.

5:30 குளச்சல் மாமா: சரி, நான் சர்ச் பூசைக்குக் கிளம்புகிறேன். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம்கூடக் கடலில் இறங்காது. உங்கள் காசிமேட்டுக்கு ஞாயிறுதான் திருவிழா.

5:52 அத்தான்: எல்லாம் முடிந்தது. ஊளி குழம்புத் துண்டு, வஞ்சரம் வறுவல் துண்டு, கடம்பா கழுவி வாங்கியாயிற்று. ராயபுரம் பாலம் ஏறிவிட்டேன்.

5:53 அம்மா: தலையை இரண்டாகப் பிளந்து வாங்கினீர்களா தம்பி?

5:55 அத்தான்: வெட்டுகிறவர் தலை வேண்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

5:55 பெரியம்மா (தூத்துக்குடி): எந்தத் தலையை?

5:56 அத்தான்: இரண்டையும்.

5:56 அக்கா: அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

5:58 அத்தான்: வண்டியைத் திருப்புகிறேன்.