8 ஜிபி ரேம் போட்டதும் டிஸ்ப்ளே வரவில்லை: ரேம் கெட்டதா, பொருத்தமில்லையா?

தாமிரபரணி:
வணக்கம். என்னிடம் இருப்பது 2015இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ3-5005யு, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. போன வருடம் எஸ்எஸ்டி போட்டேன். ஆனாலும் டேலியும் (கணக்கு எழுதும் மென்பொருள்) குரோமில் ஜிஎஸ்டி தளமும் சேர்ந்து திறந்திருந்தால் எல்லாம் உறைந்துவிடுகிறது. காலி ஸ்லாட் ஒன்று இருந்ததால் செகண்ட் ஹேண்டில் 8 ஜிபி ரேம் வாங்கினேன். "டிடிஆர்3 வகை, 1600 வேகம் தானே, எல்லா லேப்டாப்புக்கும் சேரும்" என்று கடையில் சொன்னார்கள்.

வீட்டில் போட்டால் பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. கழற்றினால் பழையபடி ஓடுகிறது. ஸ்லாட் மாற்றிப் பார்த்தேன், புதியதை மட்டும் போட்டும் பார்த்தேன். அதே நிலைதான். 20ஆம் தேதிக்குள் ஒன்பது பேருக்கு 3பி (ஜிஎஸ்டி கணக்குப் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். மதர்போர்டுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

சால்டரிங் அண்ணன்:
பயப்படாதீர்கள். பழைய ரேமோடு ஓடுகிறது என்றால் போர்டு நன்றாக இருக்கிறது. இரண்டு ரேமின் லேபிளிலும் உள்ளதை ஓர் எழுத்துகூட விடாமல் எழுதுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தானே மாற்றினீர்கள்?

மேகமூட்டம்:
பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்து பாருங்கள். இல்லையென்றால் டிடிஆர்4 வாங்கிப் போடுங்கள், வேகமும் கூடும்.

சால்டரிங் அண்ணன்:
@மேகமூட்டம் தம்பி, டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. லேப்டாப் டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260 பின். நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். பயாஸையும் இப்போது தொட வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் நன்றாக இருக்கிற போர்டும் போய்விடும்.

தாமிரபரணி:
பேட்டரியைக் கழற்றித்தான் செய்தேன் அண்ணா. லேபிள் இதோ:
பழையது: 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்
புதியது: 8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800எஸ்
புதியதன் ஸ்டிக்கர் தேய்ந்திருந்தது. டார்ச் அடித்துச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. வேகம் ஒன்றுதானே, பிறகு ஏன்?

சால்டரிங் அண்ணன்:
இரண்டு வரியையும் மறுபடி பாருங்கள். பழையதில் 3க்குப் பக்கத்தில் ஓர் 'எல்' இருக்கிறது, புதியதில் இல்லை. சிக்கல் அங்கேதான்.

அந்த எல் இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும் ரேம், டிடிஆர்3எல் என்பார்கள். இல்லாவிட்டால் 1.5 வோல்ட் கேட்கும் சாதா டிடிஆர்3. உங்கள் ஐந்தாம் தலைமுறை ஐ3 குறைந்த வோல்ட் ரேமுக்காகச் செய்யப்பட்டது, போர்டும் 1.35 தான் கொடுக்கும். 1.5 கேட்கிற ரேமுக்கு அது போதாமல் திரை வராமல் நிற்கிறது. இரண்டுக்கும் பின்னும் வெட்டும் ஒன்றேதான், அதனால் கையில் எடுத்துப் போடும்போது அழகாகப் பொருந்திவிடும். என் மேசைக்கு வந்த 'ரேம் கெட்டுவிட்டது' கேஸ்களில் எத்தனையோ இந்த ஓர் எழுத்தில் முடிந்திருக்கின்றன. நல்ல ரேமைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. பார்க்கவே மனசு கேட்காது.

உங்கள் ரேமும் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. 1.5 வோல்ட் கொடுக்கும் பழைய லேப்டாப்பில் ஓடும். இதற்கு நேர்மாறாக, எல் போட்ட ரேம் 1.5 வோல்ட்டையும் தாங்கும். அதனால் எந்த டிடிஆர்3 லேப்டாப்புக்கும் எல் உள்ளதையே கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

மற்றவை சரி. 12800 என்றால் 1600 வேகம், 'எஸ்' என்றால் லேப்டாப் அளவு. கடையில் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பழைய ரேமைக் கையோடு எடுத்துப் போங்கள்.

தாமிரபரணி:
இப்போதுதான் புரிகிறது. 4உம் 8உம் கலந்து போடலாமா? கம்பெனியும் வேறு வேறு.

சால்டரிங் அண்ணன்:
போடலாம். முதல் 8 ஜிபி, அதாவது 4+4, டூயல் சேனலில் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி வேகமாக) ஓடும். மிச்ச 4 சிங்கிளில் ஓடும். உங்கள் வேலைக்கு வித்தியாசம் தெரியாது. இந்த ப்ராசஸர் 16 ஜிபி வரை எடுக்கும். ஒன்று மட்டும் பாருங்கள்: விண்டோஸ் 64 பிட்டாக இருக்க வேண்டும், 32 பிட் என்றால் 4க்கு மேல் பயன்படாது. போடும்போது ரேமைச் சாய்வாகச் செருகி, தங்கநிறக் கால்கள் உள்ளே போன பிறகு கீழே அமுக்குங்கள். இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும்.

தாமிரபரணி:
அண்ணா, வேலை முடிந்தது. கடையில் இரண்டு ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த எழுத்தைக் காட்டினேன். பேசாமல் உள்ளே போய் வேறு பெட்டியிலிருந்து பிசி3எல் எடுத்துக் கொடுத்தார், கூடுதலாக 150 ரூபாய். போட்டதும் முதல் தடவையிலேயே டிஸ்ப்ளே வந்தது. விண்டோஸ் 64 பிட்தான். டாஸ்க் மேனேஜரில் 12 ஜிபி, 1600, ஸ்லாட் 2க்கு 2 என்று காட்டுகிறது. செகண்ட் ஹேண்ட் என்பதால் இரவு முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. காலையிலிருந்து மூன்று 3பி போட்டுவிட்டேன், டேலியை ஒரு தடவைகூட மூடவில்லை. ரொம்ப நன்றி அண்ணா.