பதில்: ஸ்பேர் டயருக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

முழு அளவு ஸ்பேர் டயருக்கு, அதாவது மற்ற நான்கு சக்கரத்தைப் போலவே இருக்கிற ஸ்பேருக்கு, தமிழ்ச்சொல் தேடுகிற இந்த இழையை மூன்று நாளாக வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். தாப்பா ஆசிரியர் ஐயா நேற்று இரவு, காட்டு ரோட்டில் வண்டி ஓட்டுகிற ஒருவராவது பேசினால் தேவலை, நாமே சொல்லை உண்டாக்கி நாமே கைதட்டிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். சரி, வருகிறேன். நான் தமிழ் படித்தவன் இல்லை, ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பழைய ஹைலக்ஸ் பிக்கப் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, லாசா தாண்டி உள்ளே பூர்வகுடி கிராமங்கள் இருக்கிற பக்கம் அரிசி, கேஸ் தோம்பு, சிமெண்டு என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு போகிறவன். நடுவில் செம்பனைத் தோட்டங்களுக்குள்ளும் ஓட்டம் உண்டு. இலக்கணத்தில் தப்பு இருந்தால் திருத்துங்கள். டயரில் எனக்குத் தப்பு சொன்னால் சண்டைக்கு வருவேன்.

முதலில் கோவைப் பொறியாளர் தம்பி கொடுத்தது.

> முழுவளவு உதிரி உருளிப்பட்டை

உழைப்பு தெரிகிறது தம்பி. ஆனால் மழையில், செம்மண் சேற்றில், ஜேக்குக்கு அடியில் வைக்கப் பலகை தேடிக்கொண்டு நிற்கும்போது கூட வந்த பையனிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி இன்னும் நாலு அங்குலம் இறங்கிவிடும். நீளம்கூடப் பரவாயில்லை. பட்டை என்றால் டயர் மட்டும்தானே? நாம் சுமந்துகொண்டு போவது டயர் மட்டுமா? ரிம்மோடு, காற்றோடு, அப்படியே மாட்டி நட்டு முடுக்கத் தயாராக இருக்கிற முழுச் சக்கரம். மாட்டு வண்டிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது: நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், அதைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேலே இரும்புப் பட்டா. அந்தப் பட்டாதான் இன்றைக்கு டயர். பட்டாவை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் என்ன செய்ய? ஆங்கிலத்தில் டயர் என்று சுருக்கிச் சொல்கிறார்கள் என்பதற்காக நாமும் அந்தச் சுருக்கத்தை மொழிபெயர்க்க வேண்டாம். சக்கரம் என்றே சொல்லுவோம்.

அடுத்தது 'உதிரி'. அகராதிப்படி சரியாக இருக்கலாம், உதிரி பாகம் என்று கடை வாசலிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கம் வந்து உதிரி என்று சொல்லிப் பாருங்கள். குலை வெட்டும்போது மரத்தடியில் சிதறுகிற பழத்தைத்தான் நினைப்பார்கள். உதிரி பொறுக்குவது ஒரு தனி வேலை, என் அம்மா கோணிப்பையோடு குனிந்து குனிந்து செய்த வேலை. உதிர்ந்தது உதிரி. வண்டியில் இறுக்கிக் கட்டி வைத்திருப்பதைப் போய் உதிரி என்றால் எனக்கு ஒட்டவில்லை. அது உதிர்ந்தால்தானே ஆபத்தே!

'மாற்றுச் சக்கரம்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நானும் முதலில் அதன் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் மாற்று என்றாலே வேறொன்று என்ற வாடை வருகிறது, மாற்று வழி, மாற்று மருத்துவம் என்பது போல. நமக்கு வேண்டியதோ மற்ற நான்கோடு துளிக்கூட வேறுபடாத ஒன்று.

'ஐந்தாம் சக்கர'த்தைக் கிள்ளான் அண்ணன் ஏற்கெனவே அடித்துவிட்டார். டிரெய்லர் லோரியில், இழுக்கிற தலைப்பகுதியின் மேல் டிரெய்லரைப் பூட்டுகிற வட்டத் தட்டுக்குத்தான் உலகம் முழுக்க அந்தப் பெயர். முப்பது வருடம் லோரி ஓட்டியவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் ஏன் 'ஸ்டெப்னி' என்கிறார்கள் என்று அதே அண்ணன் கேட்டிருந்தார். நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நமக்கு ஸ்பேர் டயர்தான். ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்கிற ஊரில் ஒரு தெருவின் பெயர். 1904-இல் அந்தத் தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு சாமானைக் கொண்டுவந்தார்கள்: ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன் மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இதைக் கவ்வ வைத்து ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சாமான் போய் எத்தனையோ காலம் ஆகிறது. பெயர் மட்டும் இந்தியாவில் ஸ்டெப்னியாகவும், பிரேசிலில் எஸ்தேப்பி என்றும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வீட்டுக்காகாத அர்த்தமும் வந்துவிட்டதாம். அதை இங்கே விளக்கப் போவதில்லை, குழுவில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இப்போது என் பரிந்துரை: சேமச் சக்கரம்.

இது நான் உட்கார்ந்து செய்த சொல் இல்லை. புறநானூறு 102-ஆம் பாட்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் கோயில் திருவிழாவில் பேசும்போது சொன்னதை அன்றைக்கு ஏதோ ஒரு காதில் வாங்கியிருந்தேன், இந்த இழையைப் பார்த்ததும் திரும்ப எடுத்து வாசித்தேன். உப்பு விற்கிற உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். எருதோ இளசு, நுகம் பழகாதது. வண்டியிலோ பாரம் அதிகம். 'அவல் இழியினும் மிசை ஏறினும்', அதாவது பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும், அங்கே என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு'. வண்டிக்கு அடியில் ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவனே என்று இளவரசனைப் புகழ்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே என் வண்டி! ஹைலக்ஸுக்கும் பின்பாரத்துக்கு அடியில்தானே சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறது. பள்ளம், மேடு, அதிக பாரம், ரோடு எப்படி இருக்கும் என்று தெரியாத நிலைமை, எல்லாம் அதே. உமணருக்கு உடைவது அச்சு, நமக்குக் கிழிவது டயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

> சேமம் வடமொழிச் சொல். க்ஷேமம்.

இழையில் சேமம் என்ற சொல் முன்பே வந்தபோது பினாங்குத் தங்கை எழுப்பிய ஆட்சேபம் இது. இருக்கட்டுமே தங்கச்சி, சங்கப் பாட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்ட சொல்லை இனிமேல் எழுப்பி அனுப்ப முடியுமா? அதைவிட எனக்கு முக்கியமானது, இந்த ஊரில் அந்தச் சொல்லை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஊழியர் சேமநிதி தெரியாத தோட்டத் தொழிலாளி உண்டா? சம்பளத்தில் பிடித்து எடுத்துவைப்பது, நினைத்தபோது தொடாதது, ஒரு நாள் கட்டாயம் தேவைப்படுவது. சேமம் என்றால் என்ன என்று தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற என் அப்பாவுக்குத் தெரியும்.

இனி சிக்கலான இடம். நாம் தேடியது வெறும் ஸ்பேர் டயருக்கு இல்லை, முழு அளவு ஸ்பேருக்கு. முழுச்சேமம், நிகர்ச்சேமம், இணைச்சேமம் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். நிகர்ச்சேமம் என்றால் கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கிறது, பிடித்தமெல்லாம் போகக் கையில் மிஞ்சியது எவ்வளவு என்பது போல. இணை என்றால் லோரியின் பின்பக்கத்து இரட்டை டயர் ஞாபகம் வரும்.

என் யோசனை வேறு. முழு அளவுக்குத் தனிச்சொல்லே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஆதியில் ஸ்பேர் என்றாலே மற்ற நான்கைப் போன்றதுதான். பிற்பாடு கார் கம்பெனிகள் இடத்தையும் எடையையும் மிச்சம் பிடிக்க ஒல்லியான டயர் ஒன்றைக் காரின் பின்பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தன. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், காற்றும் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ அடிக்க வேண்டும், சாதாரணக் கார் டயரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. அடுத்த டயர் கடை வரைக்கும் போய்ச் சேர அது போதும், தார் ரோட்டில், நெடுஞ்சாலையில். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது வந்து உட்கார்ந்தபிறகு பழைய, ஒழுங்கான ஸ்பேருக்கு 'முழு அளவு' என்று பட்டம் கட்ட வேண்டியதாகிவிட்டது. நாம் இப்போதுதான் சொல் செய்கிறோம், நமக்கு ஏன் அந்தத் தலையெழுத்து? சேமச் சக்கரம் என்றால் மற்ற நான்கைப் போன்ற ஐந்தாவது. அப்படி இல்லாததற்குத்தான் அடைமொழி. அதற்கு நான் சொல்வது, ஒப்பேற்றுச் சக்கரம். இருக்கிறதை வைத்து ஒப்பேற்றுவது என்று வீட்டில் சொல்கிறோம் இல்லையா, அதேதான்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வண்டியை வாங்கும்போதே யாரோ பெரிய டயர் மாற்றியிருந்தார்கள், 265/75 ஆர் 16. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. விற்றவர், ஸ்பேர் இருக்கிறது, புதுசு மாதிரி என்றார். கீழே குனிந்து பார்த்தேன், டயர் ஒன்று தொங்கியது, போதும் என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு மழை நாள், மரம் ஏற்றுகிற லோரி உழுதுபோட்ட பாதையில் வெட்டுக்கட்டை ஒன்று பின் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டது. மிதிக்கிற பக்கத்தில் செம்பனை முள் ஏறினால் ரப்பர் திரியைச் செருகி ஓட்டிவிடலாம், பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சரி என்று ஸ்பேரை இறக்கப் போனால் சங்கிலி இறக்குகிற பொறி துருவும் சேறும் பிடித்து அசையவில்லை, அதற்கே ஒரு மணி நேரம். இறங்கியது என்னவோ 205 ஆர் 16. வண்டியோடு வந்த பழைய அளவு.

வீட்டுக்கு வந்தபிறகு கணக்குப் போட்டேன். பெரிய டயர் சுமார் 80 சென்டிமீட்டர் உயரம், சின்னது 73. ஒரு கிலோமீட்டருக்குப் பெரியது 396 சுற்று, சின்னது 434. அதாவது ஒரே அச்சில் ஒரு பக்கம் 38 சுற்று கூடுதல். ஒரே அச்சின் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டிதான் டிப்ரென்ஷியல். நேரான ரோட்டிலும் அது வளைவில் திரும்புகிற மாதிரியே வேலை செய்துகொண்டிருக்கும், சூடாகும். நான்கு சக்கரமும் இழுக்கும்படி போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். சேற்றில் சறுக்கி அந்த இறுக்கம் விட்டுப்போகும், கெட்டியான தரைக்கு வந்தால் உள்ளே பல்சக்கரம் முனகும். நான் நல்ல டயர் ஒன்றை முன்னாலிருந்து பின்னுக்கு மாற்றி, சின்னதை முன்னே போட்டு, நொண்டி நொண்டி லாசா வந்து சேரும்போது இருட்டிவிட்டது. ஏற்றிப்போன அரிசி திரும்பி வந்தது. அன்றைக்கு என்னிடம் ஸ்பேர் டயர் இருந்தது, சேமச் சக்கரம் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு அன்றைக்குச் சொல் கிடைக்கவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. ஐந்தும் ஒன்றுபோல இருந்தால் ஐந்தையும் சுழற்சியில் போடலாம், எல்லாம் சேர்ந்து தேயும், ஒன்று மட்டும் அடியில் கிடந்து வெயிலிலும் சேற்றிலும் காய்ந்து வெடிக்காது. டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. உங்கள் ஸ்பேரில் அதைப் பாருங்கள், சிலருக்குத் தூக்கம் போகும்.

நேற்று வண்டி பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கும் நம் போர்மனிடம் இந்தச் சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். "அண்ணே, சேமச் சக்கரத்துல காத்து பார்த்தீங்களா?" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சேமநிதியையே பாதி எடுத்துத் தின்னாச்சு, இதையாவது விட்டு வச்சிருக்கியா?" என்றார். புரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

---

தாப்பா ஆசிரியர் எழுதியது:

> தம்பி, வாதம் பிடித்திருக்கிறது. புறநானூற்றை ஹைலக்ஸுக்கு அடியில் கட்டியதற்காகவே ஏற்றுக்கொள்ளலாம். ஒரே திருத்தம். சேமம் + சக்கரம், 'ச்' மிகும், அது சரி. ஒப்பேற்று என்பது இங்கே வினைப்பகுதி. ஒப்பேற்றிய, ஒப்பேற்றுகிற, ஒப்பேற்றும் என மூன்று காலத்துக்கும் விரிகிறது. ஆக வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் போல இங்கே வல்லினம் மிகாது. 'ஒப்பேற்று சக்கரம்' என்று எழுதுக.

ஐயா, அந்த 'ச்' எழுத்தை எடுத்துவிட்டேன். அரைகுறைச் சக்கரத்துக்கு ஓர் எழுத்தும் குறைந்தது பொருத்தம்தான். போர்மன் தன் கடைச் சுவரில் இரண்டு சொல்லையும் எழுதப் போவதாகச் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை பெயிண்டு அடிக்கிறார். வேறு யாருக்காவது மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், பெயிண்டு காய்ந்தபிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.