கப்பல் காலை 7 மணிக்கு வருதாம், 10:40 ஃப்ளைட் 'தாராளமா' கிடைக்குமாம்!

முதுநகர்_மாலுமி (கடலூர்) · இரவு 8:47

நேத்து சிங்கப்பூர் க்ரூஸ் இழையில லாஸ்பேட்டை_லட்டு எழுதினதை அப்படியே எடுத்துப் போடறேன்: "மரினா பே டெர்மினலுக்குக் கப்பல் காலைல 7 மணிக்கு வந்துடும். 10:40 சென்னை ஃப்ளைட்டைத் தாராளமா பிடிக்கலாம். ஏர்ற அன்னிக்கும் 5 மணிக் கப்பலுக்கு 3 மணிக்குப் போனா போதும். காலைலயே போய் நிக்கறவங்க வேலைவெட்டி இல்லாதவங்க."

இதைப் படிச்சிட்டு நாலு பேரு டிக்கெட் போட்டுடப் போறாங்க, அதான் கவலை.

7 மணிக்கு வர்றது கப்பல். நீங்க இல்ல. கயிறு கட்டணும், கேங்வே (கப்பல்லேர்ந்து கரைக்கு இறங்கற பாலம்) போடணும், அதிகாரிங்க க்ளியரன்ஸ் குடுக்கணும். இதுக்கே அரைமணிலேர்ந்து முக்கால் மணி போயிடும். முதல் ஆள் கால் வைக்க 7:45. அதுவும் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கிட்டுப் போறவன். முந்தின ராத்திரி டேக் கட்டி ரூம் வாசல்ல பெட்டியை வெச்சவங்க, அவங்க டேக் கலரைக் கூப்பிடற வரைக்கும் லவுஞ்சுல உக்காரணும். 8:30 ஆகலாம், 9:15ம் ஆகலாம். அப்புறம் இமிக்ரேஷன், கீழ ஹால்ல ஆயிரக்கணக்குல கெடக்கற பெட்டில உங்களுதைத் தேடறது, டாக்ஸி வரிசை. சாங்கி ஏர்போர்ட் 20 கிலோமீட்டர், 25 நிமிஷம். 10:40க்கு ஃப்ளைட்டுன்னா 9:40க்கு கவுன்ட்டரை மூடிடுவான். இதுல எங்க இருக்கு தாராளம்?

லாஸ்பேட்டை_லட்டு (புதுச்சேரி) · இரவு 9:02

வந்துட்டாரு அண்ணன். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் இழைல வாங்கினது இன்னும் ஆறல போல.

நீங்களே எழுதிட்டீங்க, 7:45க்கு முதல் ஆள்னு. அந்த முதல் ஆள் நான் சொன்ன ஆள்தான். 8:15 இமிக்ரேஷன் முடியும், 8:30 டாக்ஸி, 8:55 சாங்கி. கவுன்ட்டர் மூட இன்னும் 45 நிமிஷம். இதைத்தான் தாராளம்னேன். கப்பல் 7 மணிக்கு வருதா இல்லையா? வருது. முடிஞ்சுது.

10:40 எடுத்தா நம்ம நேரம் பன்னெண்டரைக்கு மீனம்பாக்கம். ஈசிஆர் புடிச்சா சாயங்காலம் டீக்கு பாண்டி. சாயங்கால ஃப்ளைட் எடுத்தா வீடு சேர ராத்திரி 11. உங்களுக்குக் கடலூர் வரைக்கும் இன்னும் அரைமணி கூட.

முதுநகர்_மாலுமி · இரவு 9:10

"முதல் ஆள்"னு உங்க பதிவுல எந்த வரில இருக்கு? கைப்பெட்டின்னு எங்க இருக்கு? 7 மணின்னு இருக்கு, தாராளமான்னு இருக்கு. இப்ப வந்து ஓரத்துல சேக்கறீங்க.

மரினா பேல ரெண்டு பெர்த், அதாவது கப்பல் கட்டற இடம். ஒரே காலைல ரெண்டு கப்பலும் நின்னா டாக்ஸி வரிசை ரெண்டு மடங்கு. சில கப்பல்ல ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கறான், கடைசி ராத்திரியோ காலைலயோ குறிப்பிட்ட டெக்குல போய் வாங்கணும். கார்டு குடுக்காம ரொக்கமா டெபாசிட் கட்டினவன் மிச்சத்தை வாங்க ரிசப்ஷன்ல நிக்கணும். அறைக்கு வந்த பில்லுல குடிக்காத ரெண்டு பீர் ஏறியிருந்தா அதுக்கும் அதே வரிசைதான். உங்க 8:15 இதுல எதையும் எண்ணல.

முக்கியமா ஒண்ணு. எஸ்ஜி அரைவல் கார்டு, சிங்கப்பூருக்குள்ள நுழைய ஆன்லைன்ல போடற படிவம். சிங்கப்பூருக்கு விமானத்துல வரும்போது ஒரு தடவை போட்டாச்சுன்னு விட்டுடறாங்க. கப்பல்ல வெளிநாடு போய்த் திரும்பினா மறுபடியும் போடணும். வர்ற நாளையும் சேத்து 3 நாளுக்குள்ளதான் போட முடியும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சு வெக்கவும் முடியாது. பினாங்குலயோ ஃபுக்கெட்டுலயோ இறங்கும்போது தரையில நெட் கிடைக்கும், அங்கயே போட்டுடணும். விட்டுட்டா கடைசிக் காலைல கப்பல் வைஃபைக்குத் தண்டம் அழுதுட்டு, வரிசைல நின்னுக்கிட்டு பாஸ்போர்ட் நம்பர் அடிக்கணும். விசாவும் மல்டிபிள் என்ட்ரியான்னு பாத்துக்கணும், சிங்கப்பூருக்குள்ள ரெண்டு தடவை நுழையறீங்க.

நெல்லித்தோப்பு_அக்கா · இரவு 9:21

ரெண்டு பேரும் தனியாப் போற ஆம்பளைங்களுக்கே கணக்குப் போட்டுக்கிட்டிருக்கீங்க. காலைல ஏழரைலேர்ந்து 9 வரைக்கும் கப்பல் லிஃப்டைப் பாத்திருக்கீங்களா? கதவு தொறக்கும், உள்ள மூணு ட்ராலி, ஒரு ஸ்ட்ரோலர், கதவு மூடிக்கும். வயசானவங்களை வெச்சுக்கிட்டு 11வது டெக்குலேர்ந்து படில இறங்க முடியுமா? வீல்சேர் உதவி முன்கூட்டியே கேட்டிருந்தாலும் ஒரு இடத்துல உக்கார வெச்சுடுவாங்க. தள்ளிக்கிட்டுப் போற பையன் ஒருத்தரை விட்டுட்டு வந்துதான் அடுத்தவரைக் கூட்டிட்டுப் போவான். 9 மணிக்கு வெளிய வந்தா அதிர்ஷ்டம். குடும்பமாப் போறவங்க ஒரு மணிக்கு மேல கிளம்பற ஃப்ளைட்டைப் பாருங்க.

முதுநகர்_மாலுமி · இரவு 9:24

அக்கா, அதையேதான் நானும் சொல்றேன். ஆனா லட்டு சாருக்கு 7 மணிதான் வேதம்.

லாஸ்பேட்டை_லட்டு · இரவு 9:26

7 மணிக்குக் கப்பல் வரலன்னு நிரூபிங்க. நான் கணக்கையே அழிச்சிட்டுப் போறேன்.

மஞ்சை_மணியம் (கடலூர்) · இரவு 9:40

நண்பர்களுக்கு வணக்கம். பயண அட்டவணையில் 7.00 என்று அச்சிட்டிருக்கும்போது அதை நம்பிய பயணியைக் குற்றம் சொல்வது முறையல்ல. லட்டு அவர்கள் எழுதியதில் பிழையாக எனக்குத் தோன்றுவது ஏறும் நேரம்தான். 2012இல் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு பன்னாட்டு விதியையே மாற்றினார்கள். 2015 ஜனவரி முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ எல்லாப் பயணிகளுக்கும் பாதுகாப்புப் பயிற்சி முடிந்தாக வேண்டும். மூன்று மணிக்கு வருகிறவர் அதற்கு எப்போது போவார்?

லாஸ்பேட்டை_லட்டு · இரவு 9:44

ஐயா, அதெல்லாம் இப்ப பல கப்பல்ல செல்போன்லயே வீடியோ பாத்துட்டு, மஸ்டர் ஸ்டேஷனுக்கு (ஆபத்துன்னா எல்லாரும் கூட வேண்டிய இடம்) போய் அட்டையைக் காட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். 3 மணி போதும். 12லேர்ந்து 2 வரைக்கும்தான் கூட்டம், 3 மணிக்கு கவுன்ட்டர் காலி. ரூமும் ஒரு மணி, ஒன்றரைக்கு முன்னாடி குடுக்க மாட்டான். 11 மணிக்குப் போனவன் கைப்பையோட பஃபேல உக்காந்து இட்லி தேடிக்கிட்டிருப்பான்.

முதுநகர்_மாலுமி · இரவு 9:58

5 மணிக் கப்பலுக்கு செக்-இன் 5 மணிக்கா மூடறான்? கம்பெனியைப் பொறுத்து 60லேர்ந்து 90 நிமிஷம் முன்னாடி. அதாவது மூணரைக்கே மூடலாம். அதுக்கப்புறம் கப்பல் கண்ணெதிர நிக்கும், கேங்வே இறங்கித்தான் இருக்கும், ஆனா பயணிகள் பட்டியலை முடிச்சுக் குடுத்துட்டான்னா உங்க பேரைச் சேக்க மாட்டான். 3 மணின்னா கைல அரைமணி. சென்னைத் துறைமுகத்துலேர்ந்து ஏர்றவங்களுக்குன்னா இன்னும் மோசம். ஜிஎஸ்டி ரோடு வழியா வர்ற பஸ் உங்களைக் கிளாம்பாக்கத்துல இறக்கி விட்டுடும். அங்கேர்ந்து ராஜாஜி சாலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. அப்புறம் துறைமுக வாசல்ல சிஐஎஸ்எஃப் அடையாள அட்டை பாப்பான்.

பெட்டி விஷயம் வேற. மூணு மணிக்குப் போர்ட்டர் கிட்ட குடுத்த பெட்டி ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் ரூம் வாசலுக்கு வரும். சுகர் மாத்திரை, இன்சுலின், பாஸ்போர்ட், மாத்து டிரஸ் எல்லாம் கைப்பைல இருக்கணும். அயன் பாக்ஸ், கெட்டில் வெச்சிருந்தா ஸ்கேன்ல பிடிச்சு பெட்டியையே நிறுத்தி வெச்சுடுவான், நீங்க போய்த்தான் தொறந்து காட்டணும்.

தேங்காய்த்திட்டு_தேவா (புதுச்சேரி) · இரவு 10:05

கடலூர்க்காரங்க கப்பல் பாடம் எடுக்கறது நல்லாத்தான்பா இருக்கு. உங்க ஊருக்கு எந்த க்ரூஸ் வந்துச்சு? எங்களுக்கு 2025 ஜூலை 4 வந்துச்சு.

முதுநகர்_மாலுமி · இரவு 10:09

வந்துச்சு, உங்க கரைக்கா வந்துச்சு? கடல்ல நங்கூரம் போட்டு நின்னுச்சு. ஆளுங்களைச் சின்னப் படகுலதானே ஏத்திக் கூட்டிட்டு வந்தீங்க? அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரம் மணல் மூடிக் கெடக்கு, உங்க மீனவங்க போட்டே தட்டுது. 2022ல இதே மாதிரி வரட்டுமான்னு கேட்டப்ப சூதாட்டம் இருக்குன்னு வேணாம்னது யாரு?

தேங்காய்த்திட்டு_தேவா · இரவு 10:13

உங்க துறைமுகமும் நங்கூரத் துறைமுகம்தானே அண்ணே. கப்பல் தள்ளி நிக்கும், பார்ஜுலதான் (சரக்குத் தோணி) சரக்கு வரும். பேச்சு மட்டும் சிங்கப்பூர்.

முதுநகர்_மாலுமி · இரவு 10:22

சரக்குக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட இதான் கஷ்டம். நங்கூரம் போடற ஊருன்னா நேரக் கணக்கே வேற. கப்பல்லேர்ந்து கரைக்கு ஆள் ஏத்திட்டுப் போற டெண்டர் போட்டுக்கு நம்பர் டிக்கெட் குடுப்பான். ஒரு போட்டுல நூறு, நூத்தைம்பது பேரு. அலை ஏறுச்சுன்னா மேடைக்கும் போட்டுக்கும் நடுவுல ரெண்டடி ஏறி இறங்கும். ரெண்டு பக்கமும் ஆள் நின்னு முழங்கையைப் பிடிச்சு, "இப்ப"ன்னு சொல்லும்போதுதான் கால் வைக்கணும். முட்டி வலிக்காரங்களை அந்த அலைல இறக்கவே மாட்டான். ரொம்ப மோசமானா அந்த ஊரையே விட்டுட்டுக் கப்பல் போயிடும்.

திரும்பற நேரமும் அப்படித்தான். கரைல கட்டின கப்பலுக்குப் பெரும்பாலும் கிளம்பறதுக்கு அரைமணி முன்னாடி எல்லாரும் உள்ள இருக்கணும். டெண்டர்னா கடைசி போட்டு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடலாம். ஃபுக்கெட்டுல இருக்கற படோங்குல இதுலதான் மாட்டுவாங்க. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னாடி. கப்பல் சில சமயம் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடும், உங்க செல்போன் தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கும். கப்பல்ல 5 மணின்னு போட்டிருந்தா உங்க போன்ல 4. காலைல இறங்கும்போதே கப்பல் கடிகாரத்தைப் பாத்துட்டு இறங்கணும். கப்பலை விட்டுட்டா, ரூம் லாக்கரைத் தொறந்து பாஸ்போர்ட்டை கப்பல் கம்பெனியோட உள்ளூர் ஆளான போர்ட் ஏஜென்ட் கிட்ட குடுத்துட்டுப் போவான். அடுத்த ஊருக்கு உங்க செலவுல விமானம்.

லாஸ்பேட்டை_லட்டு · இரவு 10:27

இவ்ளோ எழுதினீங்க. 7 மணிக்குக் கப்பல் வருதா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் இல்ல.

முதுநகர்_மாலுமி · இரவு 10:28

முதல் பதிவுலயே பதில் இருக்கு. படிக்கறது.

நெல்லித்தோப்பு_அக்கா · இரவு 10:34

போற நாளைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்கல. நவம்பர், டிசம்பர்ல போறவங்க முந்தின நாளே சிங்கப்பூர் போய்ச் சேந்துடுங்க. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் அன்னிக்கு மதியத்துக்கு மேல சென்னை விமான நிலையத்தையே மூடிட்டாங்க. ராத்திரி நம்ம பாண்டிக்குப் பக்கத்துலதான் கரை ஏறுச்சு. அடுத்த ரெண்டு நாள்ல விழுப்புரம் பக்கம் ஹைவேல தண்ணி. அன்னிக்கு நடுராத்திரி ஃப்ளைட் பிடிச்சு மறுநாள் கப்பல் ஏறலாம்னு இருந்தவங்க கதி? கப்பல் காத்திருக்காது, ஏறாதவங்களுக்குப் பணமும் திரும்பாது. தனியா இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாத்தான் கேக்கவாவது முடியும்.

மஞ்சை_மணியம் · இரவு 10:41

அக்கா சொன்னது உண்மை. ஆயினும் 7.00 என்பது அச்சில் இருப்பது.

முதுநகர்_மாலுமி · இரவு 10:43

மணியம் சார், அச்சுல இருக்கறதை வெச்சு ஃப்ளைட் பிடிக்க முடியாது. கேங்வே தொறக்கற நேரம் முந்தின ராத்திரி ரூமுக்கு வர்ற தாள்ல வரும். டேக் கலர் வாரியா எந்த லவுஞ்ச், எந்த நேரம்னு போட்டிருக்கும். அதைப் பாக்கறதுக்கு முன்னாடி டிக்கெட் போடறவன்தான் 10:40காரன்.

லாஸ்பேட்டை_லட்டு · இரவு 10:46

முந்தின ராத்திரி தாளைப் பாத்துட்டு டிக்கெட் போட்டா என்ன விலைன்னு அண்ணனுக்குத் தெரியாது போல. டிராவல்ஸ்காரங்க கமிஷன் கணக்குல பேசினா இப்படித்தான் வரும்.

முதுநகர்_மாலுமி · இரவு 10:47

கமிஷனா? எந்த டிராவல்ஸ், பேரைச் சொல்லுங்க.

பாகூர்_பாலா · இரவு 10:52

அண்ணன்களா, சண்டைக்கு நடுவுல ஒரு சந்தேகம். மொத்தம் அஞ்சு பேரு, அப்பாக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. 12:55 ஃப்ளைட் எடுக்கலாமா?

லாஸ்பேட்டை_லட்டு · இரவு 10:53

12:55 எடுத்தா சாங்கில உக்காந்து கொட்டாவி விடணும் தம்பி. பெட்டியைக் கையோட எடுத்துக்கிட்டு இறங்கினா 10:40 போதும்.

முதுநகர்_மாலுமி · இரவு 10:55

முட்டி ஆபரேஷன் ஆனவரை பெட்டி தூக்கச் சொல்றாரு பாருங்க. பாலா, 12:55 எடுங்க. வீல்சேரை கப்பல் கம்பெனிலயும் ஏர்லைன்ஸ்லயும் தனித்தனியா எழுதி வையுங்க, ஒண்ணுல சொன்னா இன்னொண்ணுக்குத் தெரியாது. அஞ்சு பேருக்கு சாதா டாக்ஸில இடம் பத்தாது, பெரிய வண்டி முன்னாடியே புக் பண்ணுங்க. பிக்-அப் 9:45ன்னு குடுங்க, 7 மணின்னு குடுத்துடாதீங்க. லட்டு சார், டிராவல்ஸ் பேரு இன்னும் வரல.

தேங்காய்த்திட்டு_தேவா · இரவு 11:01

பார்ஜுல வந்துக்கிட்டிருக்கும்.